வாத்தியாருக்குப் பென்ஷன், நமக்கு என்ன?

ஈப்போவில் தோட்டத் தொழிலாளரும் சிப்பந்திகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பள்ளி ஆசிரியர்களின் சம்பளமும் பென்ஷனும். தோட்டத் தொழிலாளர் கூட்டத்திலே இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நினைப்பதென்ன, கேட்டே விட்டார்கள். மண்டபத்துக்குள் நுழையும்போது பால் வெட்டிக் கைகள் காய்த்துப்போன ஒரு தாய் நம்மை நிறுத்தி, "அண்ணே, வாத்தியாருக்குத்தான் வீட்டிலே உட்கார்ந்திருந்தாலும் மாசாமாசம் காசு வருதே. அவருக்காக நாம ஏன் கூட்டம் போடணும்? நமக்கு யாரு போட்டாங்க?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அந்தத் தாய்க்குப் பதில் சொல்வதுதான் இன்றைய நமது சொற்பொழிவு. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வாத்தியார் இன்று வாங்கும் பென்ஷன் அவருக்கு யாரும் இட்ட பிச்சையன்று. அவரும் ஒரு காலத்தில் நம்மைப்போல் ஒன்றுமில்லாமல் நின்றவர்தான். அவருக்குக் கிடைத்தது எப்படி என்று தெரிந்துகொண்டால், நமக்குக் கிடைக்காதது ஏன் என்பதும் விளங்கும். அவரிடமிருந்து அது போகுமானால், நமக்கு வரவேண்டியது இன்னும் தூரமாகப் போய்விடும் என்பதும் விளங்கும்.

துரையின் கையில் இருந்த வாத்தியார்

1877இல் ரப்பர்க் கன்றுகள் கோலகங்சாரிலே வேரூன்றின. அந்த ரப்பரால் வளர்ந்தது நமது பேராக் மாநிலம். சுங்கை சிப்புட், செம்மோர், கோப்பெங், தாப்பா, பீடோர் என்று எந்தப் பக்கம் போனாலும் தோட்டம், தோட்டத்துக்குள்ளே லயம், லயத்தின் ஓரத்திலே ஒரு தமிழ்ப்பள்ளி என்று இருந்தது. இன்று ரப்பர் நின்ற இடத்திலே பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. பல தோட்டங்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. ஆனால் அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் இந்த மண்டபம் நிறைய உட்கார்ந்திருக்கிறோம்.

அந்தப் பள்ளிகள் எப்படி வந்தன? 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள ஓரினத்துப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொல்லிற்று. சட்டம் பள்ளி வைக்கச் சொல்லியதே ஒழிய, வாத்தியாருக்கு என்ன சம்பளம், அவர் முதுமையில் என்ன செய்வார் என்பதைத் தோட்டத்தின் பொறுப்பிலே விட்டுவிட்டது. ஆகவே பல தோட்டங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியோ, கங்காணியோ, கிராணியோ ஓய்ந்த நேரத்தில் வாத்தியாரானார். தனியாக வாத்தியார் வைத்த இடங்களிலும் அவர் துரையின் ஆள். துரை வைத்தால் உண்டு, நிறுத்தினால் இல்லை. அரசாங்க மானியமோ பிள்ளைகளின் வருகையையும் ஆண்டுச் சோதனையையும் பார்த்துத் தோட்டத்துக்கு வந்தது. வாத்தியாருக்கு நேரே வரவில்லை.

நாங்கள் படித்த பள்ளியும் அப்படிப்பட்டதுதான். சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். பலகைச் சுவர், தகரக் கூரை. மழை பெய்தால் பாடம் கேட்காது. ஒரே அறையில் எல்லா வகுப்பும். முதல் வகுப்பு அகரம் எழுதும்போது, பின்வரிசையில் பெரிய பிள்ளைகள் கணக்குப் போடுவார்கள். வாத்தியார் ஒருவரே. காலையிலே பெரட்டுக்கு மணி அடித்த அதே தண்டவாளத் துண்டில்தான் பள்ளிக்கும் மணி. தலைமையாசிரியரும் அவரே, குமாஸ்தாவும் அவரே, பள்ளியைப் பெருக்கச் சொல்லி எங்களோடு துடைப்பம் பிடித்தவரும் அவரே. மாலையில் லயத்திலே கடிதம் எழுதவேண்டியவர்கள், ஊருக்கு மணியார்டர் அனுப்பவேண்டியவர்கள், பிறப்புப் பதிவுக்குப் பாரம் நிரப்பவேண்டியவர்கள் எல்லாரும் அவர் வாசலிலேதான் நிற்பார்கள். அதற்கு ஒரு காசு வாங்கியதை நாங்கள் கண்டதில்லை.

அந்த வாத்தியார் முப்பது ஆண்டுக்கு மேல் அந்தத் தோட்டத்திலே பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். 1960களின் நடுவில் வயதாகி ஓய்ந்தார். பென்ஷன் இல்லை. கையில் கிடைத்த சேமநிதித் தொகை, மகளின் திருமணத்தோடு முடிந்தது. இருந்த வீடு தோட்டத்து வீடு. அதையும் காலி செய்தார். சாமான் ஏற்றிய லாரியிலே அவர் ஏறிப் போனபோது, லயத்து ஜனங்கள் ரோட்டோரத்திலே நின்று அழுதார்கள். அழுவதைத் தவிர நம்மிடம் கொடுக்க என்ன இருந்தது? பின்னாளில் அவர் மகன் வீட்டுத் திண்ணையிலே கடைசிக் காலத்தைக் கழித்தார். மருந்துக்கு மகனிடம் கை நீட்ட வெட்கப்பட்டு, வலியைப் பொறுத்துக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அவருக்குப்பின் வந்தவர் ஓர் இளைஞர். அதே அறை, அதே கரும்பலகை. அவர் 1990களில் ஓய்வு பெற்றார். மாதந்தோறும் பென்ஷன் வந்தது. அவர் காலமான பின் இன்றும் அவர் மனைவிக்கு வந்துகொண்டிருக்கிறது. அந்த அம்மா மருந்துக்கு யாரிடமும் கை நீட்டவில்லை.

தோழர்களே, இரண்டு பேரும் செய்த வேலை ஒன்று. உழைத்த இடம் ஒன்று. ஒருவர் முதுமை திண்ணையிலே, ஒருவர் முதுமை கௌரவத்திலே. இடையில் நடந்தது என்ன?

கேட்டதால் கிடைத்தது

இடையில் நடந்தது மூன்று காரியங்கள்.

முதலாவது, 1956ஆம் ஆண்டு ரசாக் கல்வி அறிக்கையும் அதைத் தொடர்ந்து 1957இல் வந்த கல்விச் சட்டமும். அப்போது மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. மலாய், சீன, தமிழ், ஆங்கிலப் பள்ளி ஆசிரியர்களை ஒரே சேவைத் திட்டத்தின்கீழ்க் கொண்டுவரும் ஏற்பாடு அக்காலத்தில்தான் பிறந்தது. வாத்தியாரின் சம்பளம் துரையின் மனத்தை விட்டு அரசாங்கத்தின் ஏட்டுக்கு வந்தது. இது பெரிய விடுதலை. ஆனால் முழு விடுதலையன்று. உதவி பெறும் பள்ளிகளின் ஆசிரியர்கள் அரசாங்க ஊழியர் ஆகவில்லை. அவர்களுக்குச் சேமநிதி உண்டு, பென்ஷன் இல்லை. அரசாங்கப் பள்ளியில் அதே பாடம் சொன்னவருக்கோ பென்ஷன் உண்டு.

இரண்டாவது, ஆசிரியர்கள் சங்கமாகக் கூடியது. அந்நாளில் மொழிக்கு ஒரு சங்கம் என்று பிரிந்து கிடந்தார்கள். என்றாலும் குரல் எழுந்தது. 1967இல் தேசிய ஆசிரியர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கிற்று. அக்காலத்தில் பெண் ஆசிரியருக்கு ஆண் ஆசிரியரைவிடக் குறைந்த சம்பளம். அந்த அநீதியும் அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று. இதிலே நமது தாய்மார்களுக்குப் பழைய ஞாபகம் வரவேண்டும். 1920களின் இறுதியில் மலாயாத் தோட்டங்கள் பலவற்றில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று விதித்திருந்தார்கள். காட்டிலே பாடுபட்ட பெண்ணுக்கு நடந்ததுதான் பள்ளியிலே பாடம் சொன்ன பெண்ணுக்கும் நடந்தது.

மூன்றாவது, அஸிஸ் கமிஷன் என்று பெயர்பெற்ற அரச விசாரணைக்குழு. ஆசிரியர்களின் சம்பளத்தையும் சேவை நிலைமையையும் அது ஆராய்ந்தது. அதன் பயனாக 1970களின் தொடக்கத்தில் உதவி பெறும் பள்ளிகளின் ஆசிரியர்களும் அரசாங்க சேவையில் சேர்ந்து பென்ஷன் பெற வழி பிறந்தது. 1974இல் தேசிய ஆசிரியர் தொழிற்சங்கம் உருவாயிற்று.

நமது இரண்டாவது வாத்தியார் இந்த வழியாகத்தான் பென்ஷனுக்குள் வந்தார். முதல் வாத்தியார் சில ஆண்டுகள் முந்திப் பிறந்ததால் வெளியே நின்றார். பென்ஷன் வானத்திலிருந்து விழவில்லை. துரைமார் மனம் இளகித் தரவில்லை. கேட்டார்கள், நின்றார்கள், பெற்றார்கள். 1954இல் மாநிலந்தோறும் சிதறிக் கிடந்த தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றாக இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆனதை நினைத்துப் பாருங்கள். நாம் நடந்த பாதையிலேதான் அவர்களும் நடந்தார்கள்.

பென்ஷன் என்பது என்ன?

இப்போது கிராணிமார்கள் பென்சிலை எடுக்கலாம். செக்ரோல் போடுகிறவர்களுக்கு இது பெரிய கணக்கன்று.

அரசாங்க ஊழியரின் பென்ஷனுக்கு ஒரு வாய்பாடு உண்டு. வேலை செய்த மாதங்களைக் கடைசியாக வாங்கிய சம்பளத்தால் பெருக்கி, 600ஆல் வகுக்க வேண்டும். அதிகபட்சம் 360 மாதங்கள், அதாவது 30 ஆண்டுகள், கணக்கில் வரும். கடைசிச் சம்பளம் 4,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 30 ஆண்டு உழைத்தவருக்கு மாதம் 2,400 வெள்ளி பென்ஷன். கடைசிச் சம்பளத்தில் ஐந்தில் மூன்று பங்கு. அதோடு ஓய்வு பெறும்போது ஒரு பணிக்கொடை: மாதமொன்றுக்குக் கடைசிச் சம்பளத்தில் ஏழரை விழுக்காடு. மேற்படி ஆசிரியருக்கு அது 1,08,000 வெள்ளி ஆகிறது.

இனி நமது கணக்கைப் பாருங்கள். ஊழியர் சேமநிதி 1951ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அப்போது தொழிலாளி ஐந்து விழுக்காடு, முதலாளி ஐந்து விழுக்காடு. இன்று தொழிலாளி 11, 5,000 வெள்ளிவரை சம்பளமுள்ளவருக்கு முதலாளி 13. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. அதற்கு இருவர் பங்கும் சேர்ந்து மாதம் ஏறக்குறைய 408 வெள்ளி சேரும். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் 1,700 என்பது நேற்று வந்தது. 2013இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நடப்புக்கு வந்தபோது தீபகற்பத்தில் அது 900 வெள்ளி. அதற்கும் முன்னே நாள் கூலி. அந்த நாள்களில் சேர்ந்தது எவ்வளவு என்பதை உங்கள் பழைய கணக்குத் தாள்களைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. பென்ஷன் கடைசிச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு கணக்குப் பார்க்கிறது. வாலிபத்தில் குறைவாக வாங்கியிருந்தாலும், உயர்ந்த நாளின் சம்பளம் முதுமைக்குக் கைகொடுக்கிறது. சேமநிதியோ வாழ்நாள் முழுவதும் வாங்கிய ஒவ்வொரு மாதச் சம்பளத்தையும் சுமந்து வருகிறது. குறைந்த கூலி வாங்கிய காலம் முதுமையிலே மறுபடியும் வந்து வாசலில் நிற்கிறது.

பால் வெட்டியவருக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். விடியுமுன் எழுந்து காட்டுக்குப் போகிறோம். மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் வெட்டில்லை. வெட்டில்லையென்றால் பாலில்லை. இலையுதிரும் காலத்தில் பால் குறையும். ரப்பர் விலை விழுந்தால், விலையோடு கட்டிய கூலியும் விழுந்த காலம் உண்டு. அன்றைய வயிற்றுக்குக் குறைந்ததை அன்றே உணர்ந்தோம். ஆனால் அன்றைய மழை நமது சேமநிதியிலும் பெய்தது என்பதை அறுபது வயதிலேதான் உணர்கிறோம். இருபது வயதில் நனைந்த பட்டைக்கு அறுபது வயதில் பணம் கட்டுகிறோம்!

வாத்தியாருக்கு மழை பெய்தாலும் சம்பளம் உண்டு, அதனால் பென்ஷனும் உண்டு. இதைச் சொன்னால் சிலருக்குப் பொறாமை வருகிறது. பொறாமை வேண்டாம். மழைக்காகத் தொழிலாளியின் முதுமை குறையக்கூடாது என்ற நியாயத்தை அவர் வாழ்விலே கண்ணால் பார்க்கிறோம். அது நடக்கக்கூடிய காரியம் என்பதற்கு அவரே சாட்சி.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. பென்ஷன் வாங்கும் ஆசிரியருக்கு அரசாங்கம் ஊழியர் சேமநிதியில் பணம் போடுவதில்லை. இரண்டையும் அவர் வாங்கவில்லை. உழைக்கும் காலத்தில் கையில் கொடுக்காமல் நிறுத்தி வைத்த சம்பளத்தைத்தான் முதுமையில் மாதாமாதம் வாங்குகிறார். இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 1982ஆம் ஆண்டு நகாரா வழக்கிலே, பென்ஷன் என்பது முதலாளி மனமிரங்கித் தரும் சன்மானமன்று, செய்த வேலைக்குரிய உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு வந்த டிசம்பர் 17ஐ அங்கே பென்ஷன்தாரர் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

கொடுத்ததைக் குறைக்கும் வழி

உரிமை என்று சொன்னால் போதுமா? அதைக் காக்கவும் வேண்டும். நமது நாட்டிலேயே நடந்ததைக் கேளுங்கள்.

1980ஆம் ஆண்டின் பென்ஷன் சீரமைப்புச் சட்டப்படி, வேலையில் இருப்பவருக்குச் சம்பளம் திருத்தினால் ஓய்வு பெற்றவரின் பென்ஷனும் அதற்கேற்பத் திருத்தப்படும். விலைவாசி ஏறும், சம்பளம் ஏறும், பென்ஷனும் கூடவே ஏறும். 2013 ஜனவரி முதல் இதை மாற்றினார்கள். சம்பளத் திருத்தத்தோடு இருந்த தொடர்பை அறுத்து, ஆண்டுக்கு இரண்டு விழுக்காடு என்று நிலையாக வைத்தார்கள். கேட்பதற்கு நல்லதுபோல் இருந்தது. ஆனால் சம்பளம் பெரிதாகத் திருத்தப்படும்போது பழைய பென்ஷன்தாரர் பின்தங்கிப் போவார். நேற்று ஓய்வு பெற்றவருக்கும் இருபது ஆண்டுக்கு முன் ஓய்வு பெற்றவருக்கும் இடையில் பள்ளம் விழும்.

ஓய்வு பெற்ற அரசாங்க ஊழியர் அமீனா அகமது என்ற அம்மையாரும் மற்றும் பல பென்ஷன்தாரர்களும் நீதிமன்றம் போனார்கள். வயதான காலத்தில், வழக்குச் செலவைத் தாங்கி, அரசாங்கத்தை எதிர்த்து நின்றார்கள். பென்ஷன்தாரருக்கு முன்பிருந்ததைவிடக் குறைந்த நிலையைக் கொண்டுவரக்கூடாது என்று கூட்டரசு அரசியலமைப்பின் 147ஆம் பிரிவு காக்கிறது. அந்தப் பிரிவைக் காட்டி வாதாடினார்கள். 2022 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லாது என்றது. 2023 ஜூனில் கூட்டரசு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. உரிமை ஏட்டில் எழுதப்பட்டிருந்ததால்தான் அவர்களால் வழக்காட முடிந்தது. எழுதாத உரிமைக்கு எந்த நீதிமன்றமும் கதவு திறக்காது. நமது முதல் வாத்தியார் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவைக் காட்டி வழக்காடியிருப்பார்?

2024 டிசம்பர் முதல் அரசாங்க ஊழியரின் சம்பளம் புதிய திட்டத்தின்கீழ் உயர்ந்தது. பெரும்பாலோருக்கு முதற்கட்டமாக எட்டு விழுக்காடு, 2026 ஜனவரியில் இரண்டாம் கட்டமாக ஏழு விழுக்காடு என்று அறிவித்தார்கள். இது ஆசிரியர்களுக்கும் பொருந்தும். நல்ல காரியம். வரவேற்கிறோம்.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. 2024 பிப்ரவரி முதல் தேதிக்குப்பின் அரசாங்க சேவையில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பழைய பென்ஷன் முறை இல்லை. சேமநிதி முறைதான் என்று முடிவாயிற்று. தமிழ்நாட்டிலும் 2003 ஏப்ரல் முதல் தேதிக்குப்பின் சேர்ந்த அரசு ஊழியர், ஆசிரியர்களுக்கு இதே கதை நடந்தது. பழைய பென்ஷனைத் திரும்பக் கேட்டு அங்கே ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்காகப் போராடினார்கள்.

அரசாங்கம் சொல்லும் காரணத்தையும் கேட்கத்தான் வேண்டும். பென்ஷன் செலவு ஆண்டுக்கு 3,000 கோடி வெள்ளிக்கு மேல் போகிறது. ஓய்வு பெற்றவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள். வரும் தலைமுறைமீது பாரம் ஏறுகிறது என்கிறார்கள். இது பொய்யன்று. பணம் மரத்தில் காய்ப்பதில்லை என்பது மரத்தை நம்பிப் பிழைத்த நமக்குத் தெரியாததா? ஆனால் நாம் கேட்பது ஒன்று. பாரம் இருக்கிறது, சரி. அதை யார் தோளில் இறக்குவது? பென்ஷன் முறையில் அதை அரசாங்கம் சுமக்கிறது. சேமநிதி முறையில் ஒருவர் எவ்வளவு காலம் வாழ்வார், விலைவாசி எவ்வளவு ஏறும் என்ற கவலையெல்லாம் அந்த ஒருவர் தலையில் இறங்குகிறது. எழுபத்தைந்து வயதில் பணம் தீர்ந்து, எண்பத்தைந்து வயதுவரை உயிர் இருந்தால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு நமது லயத்திலே எத்தனை முதியவர்கள் விடை தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்!

ஆகவே மறுபடியும் ஒரே பள்ளியில் இரண்டு வாத்தியார்கள். ஒரே ஆசிரியர் அறை, ஒரே பாடம். 2023இல் சேர்ந்தவருக்குப் பென்ஷன். 2025இல் சேர்ந்தவருக்கு இல்லை. நமது பழைய தோட்டத்துப் பள்ளியின் கதை திரும்பி வந்துவிட்டது. அன்று பின்னால் வந்தவர் கரை ஏறினார். இன்று பின்னால் வருகிறவர் இறங்குகிறார். அதுதான் வித்தியாசம்.

பள்ளியை நடத்துகிறவர்கள்

தலைமையாசிரியரையும் பள்ளி அலுவலகத்தாரையும் பற்றியும் ஒரு வார்த்தை. நாட்டில் இன்று தமிழ்ப்பள்ளிகள் ஐந்நூற்றுச் சொச்சம். அவற்றிலே நூற்றைம்பது பிள்ளைகளுக்கும் குறைந்த சிறு பள்ளிகள் நிறைய. பேராக்கின் பழைய தோட்டப்புறங்களில் அவையே அதிகம். ஜனங்கள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். பள்ளி அங்கேயே நிற்கிறது.

பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பள்ளிக்குத் தரம் போடும் வழக்கம் இருக்கிறது. பெரிய பள்ளியில் பொறுப்பு பெரிது என்பது உண்மை. ஆனால் சிறு பள்ளியின் தலைமையாசிரியருக்குப் பொறுப்பு சிறிதா? துணைக்கு ஆள் குறைவு. அவரே பாடமும் சொல்ல வேண்டும், அவரே அறிக்கையும் எழுத வேண்டும். பள்ளிப் பஸ் வராவிட்டால் பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டும். பள்ளி நிற்கும் நிலம் தோட்டத்துக்குச் சொந்தமாக இருந்தால் அந்தத் தொல்லையும் அவர் தலையில்தான். நூறு மரம் வெட்டுகிறவனுக்கும் மேட்டுக்காட்டிலே நூறு மரம் வெட்டுகிறவனுக்கும் வேலை ஒன்றா? மர எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கூலி போடாதே, காட்டையும் பார் என்று நாம் மண்டோரிடம் வாதாடுவதில்லையா? பள்ளிக்கும் அதே நியாயம்தான்.

பள்ளியின் குமாஸ்தா, தோட்டக்காரர், காவல்காரர் ஆகியோரையும் மறக்கக்கூடாது. குத்தகை நிறுவனத்தின் மூலம் வரும் காவலருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் அரசாங்கப் பென்ஷன் இல்லை. குத்தகை மாறினால் வேலை நிலைக்குமா என்ற கவலையும் உண்டு. பள்ளி வாசலிலே நிற்கும் அவர்களில் பலர் நம் தோட்டத்திலிருந்து போனவர்கள்தாம்.

பிள்ளைகளுக்கு என்ன?

இதெல்லாம் பெரியவர்களின் சம்பளக் கணக்கு என்று நினைக்காதீர்கள். இதிலே நம் பிள்ளைகளின் கணக்கும் இருக்கிறது.

பழைய நாளில் தோட்டத்துப் பள்ளியிலிருந்து நல்ல வாத்தியார்கள் ஏன் ஓடினார்கள்? கிராணி வேலையில் கொஞ்சம் கூடச் சம்பளம் கிடைத்தது, போய்விட்டார்கள். போனவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கும் குடும்பம் உண்டு. ஆனால் அவர் போன மறுநாள் கரும்பலகை வெறுமையாக நின்றது. பிள்ளைகள் பால் வாளி தூக்கப் போய்விட்டார்கள். ஒரு வாத்தியாருக்குச் சில வெள்ளி மிச்சம் பிடித்த இடத்தில், ஒரு தலைமுறைப் பிள்ளைகள் படிப்பை இழந்தார்கள். முதுமைக்குப் பயமில்லை என்று தெரிந்த ஆசிரியர்தான் மூலையிலுள்ள சிறு பள்ளியிலும் மனம் ஊன்றி நிற்பார்.

அந்தத் தாய்க்குப் பதில்

இப்போது வாசலில் கேட்ட தாய்க்குப் பதில் சொல்லும் நேரம் வந்துவிட்டது.

அம்மா, வாத்தியாருக்கு வீட்டிலிருந்தாலும் காசு வருகிறது, உண்மைதான். நமக்கு வரவில்லை, அதுவும் உண்மை. அறுபது வயதில் வேலை முடிகிறது. பல இடங்களில் வேலையோடு லயத்து வீடும் போகிறது. விபத்துக்கும் நோயால் உழைக்க முடியாமற் போவதற்கும் சொக்சோ இருக்கிறது. ஆனால் முதுமைக்கு மாதாமாதம் வரும் காசு நமக்கு இல்லை. இந்தக் குறையைத் தீர்க்க இரண்டு வழிகள் சொல்வார்கள். ஒன்று, வாத்தியாருக்கும் இல்லாமல் செய்துவிடுவது. அப்போது எல்லாரும் சமம்; எல்லாரும் திண்ணையிலே. மற்றொன்று, நமக்கும் கேட்பது. முதல் வழியில் நம் வீட்டுக்கு ஒரு காசு கூட வராது. வாத்தியாரிடம் பிடுங்கியதை யாரும் நம் லயத்திலே கொண்டுவந்து பகிர்ந்து கொடுக்கப் போவதில்லை. நாளை நாம் மாதப் பணம் கேட்டால், "வாத்தியாருக்கே இல்லை, உனக்கு எதற்கு?" என்ற பதில்தான் வரும்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். ஆசிரியருக்கும் பள்ளியை நடத்துகிறவருக்கும் வேலைக்கேற்ற சம்பளம் வேண்டும். வாக்களித்த பென்ஷனில் கை வைக்கக்கூடாது. புதிதாகச் சேருகிறவருக்குச் சேமநிதிதான் என்றால், பழையவரின் பென்ஷனுக்கு ஈடாகும் அளவுக்கு அரசாங்கம் தன் பங்கைப் போட வேண்டும். அதை முதுமை முழுவதும் மாதமாதமாகப் பெறும் வழியும் வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கு மழைநாளிலும் குறையாத முழு மாதச் சம்பளம் வேண்டும். அந்தச் சம்பளத்துக்கே சேமநிதி கட்டப்பட வேண்டும். வேலை முடிந்த அன்றே வீடும் முடியும் கொடுமை தீர, சொந்த வீடு வேண்டும். 1960இல் தோட்டங்கள் துண்டாடப்பட்ட நேரத்தில் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி போட்டுத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். அந்த ஜனங்களின் பிள்ளைகள் நாம். இது நம்மால் ஆகாத காரியமன்று.

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் சேமநிதிக் கணக்கைப் பாருங்கள். முதலாளியின் பங்கு மாதந்தோறும் சரியாக வந்திருக்கிறதா என்று பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விட்டுப்போன மாதம் இருந்தால் கிளைச் செயலாளரிடம் கொண்டுவாருங்கள். கிராணிமார்கள் கூடவிருந்து கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும். அன்று நமக்குப் பாரம் நிரப்பிய வாத்தியாருக்கு நாம் திருப்பிச் செய்ய வேண்டிய கடன் அது.

லாரியிலே ஏறிப் போன அந்த வாத்தியாருக்கு அன்று நம்மால் அழத்தான் முடிந்தது. அன்று நமக்கு விவரம் தெரியாது. இன்று தெரியும். தெரிந்தபின்னும் சும்மா நிற்பது நியாயமன்று.

வாழ்க உழைப்போர் ஒற்றுமை!